ஆசாரத்து டிவியும் வேலியோரக் கேமராவும்: வாசகர் கேள்வி பதில்

எங்க ஊட்ல கேபிள் பாக்ஸ்லதான் சீரியல் பாக்கறோம். யூடியூப்புக்காக மட்டும் டிவிக்கு வைஃபை குடுத்திருக்கோம். "கேபிள்ல என்ன பாக்கறீங்கங்கறதையும் டிவி கம்பெனிக்காரன் குறிச்சுக்கறான்"னு கொழுந்தனார் சொல்றாரு. பாக்ஸ் வேற, டிவி வேறயாச்சேங்க, அதெப்படி?
– வாசகி, பொள்ளாச்சி

கொழுந்தனார் சொன்னது சரிதான். பாக்ஸில் எந்தச் சேனல் வைத்திருக்கிறீர்கள் என்பது டிவிக்குத் தெரியாது. ஆனால் திரையில் என்ன ஓடுகிறது என்பது தெரியும், திரை அதனுடையதாயிற்றே! ஓடும் படத்திலிருந்து அங்கங்கே சில புள்ளிகளின் நிறத்தை எடுத்து, சில டிவிகளில் ஒலியையும் சேர்த்து, சின்ன எண்கோவையாகச் சுருக்கிக் கம்பெனியின் சர்வருக்கு அனுப்புகிறது. அங்கே ஏற்கெனவே சேர்த்து வைத்திருக்கும் கோவைகளோடு ஒப்பிட்டு, இன்ன நிகழ்ச்சி, இன்ன நிமிடம் என்று கண்டுபிடிக்கிறார்கள். கைரேகை பார்ப்பது போலத்தான். இதற்குப் பெயர் ஏ.சி.ஆர். படமே போவதில்லை, ரேகை மட்டும் போகிறது என்பதால் டேட்டா செலவில் இது கண்ணில் படாது.

2024இல் கலிபோர்னியா, லண்டன், மாட்ரிட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். எல்ஜி டிவி 15 வினாடிக்கு ஒருமுறையும், சாம்சங் டிவி நிமிடத்துக்கு ஒருமுறையும் ரேகை அனுப்பின. எச்.டி.எம்.ஐ. ஒயரில் வேறு கருவியை இணைத்து, டிவியை வெறும் திரையாகப் பயன்படுத்தியபோதும் அனுப்பின. செட்டிங்கில் நிறுத்தியதும் அந்தப் போக்குவரத்து நின்றுபோனது. அதனால் "எல்லாம் கண்துடைப்பு, நிறுத்தினாலும் நிற்காது" என்று சலித்துக்கொள்ள வேண்டியதில்லை. சொல்லாமல் கொள்ளாமல் இப்படிச் சேர்த்ததற்காக விசியோ என்ற டிவி கம்பெனி 2017இல் அமெரிக்காவில் 22 லட்சம் டாலர் கட்டியது.

டிவியை மாட்ட வந்த தம்பி, முதல் முறை ஆன் செய்யும்போது வரிசையாக "அக்ரீ, அக்ரீ" என்று அமுக்கிவிட்டுப் போயிருப்பார். அதைத்தான் இப்போது திருப்பிப் போட வேண்டும். சாம்சங்கில் செட்டிங்ஸ், ஆல் செட்டிங்ஸ், டெர்ம்ஸ் அண்ட் பிரைவசி, பிரைவசி சாய்சஸ் என்று உள்ளே போனால் "வியூயிங் இன்ஃபர்மேஷன் சர்வீசஸ்" என்று இருக்கும், டிக்கை எடுங்கள். பக்கத்திலேயே "இன்ட்ரஸ்ட் பேஸ்டு ஆட்ஸ்" இருக்கும், அதையும். எல்ஜியில் ஜெனரல், சிஸ்டம், அடிஷனல் செட்டிங்ஸ் போய் "லைவ் பிளஸ்" என்பதை ஆஃப் செய்ய வேண்டும். சோனியில் "சாம்பா" என்ற பெயர் தென்பட்டால் அதுதான் இது. கூகுள் டிவி வகையாக இருந்தால் பிரைவசி பகுதியில் "யூசேஜ் அண்ட் டயக்னாஸ்டிக்ஸ்", "ஆட்ஸ்" இரண்டையும் பாருங்கள். மாடலுக்கு மாடல் மெனு கொஞ்சம் இடம் மாறும். இதையெல்லாம் நிறுத்தினாலும் யூடியூப் ஓடும், கேபிள் ஓடும், எதுவும் குறையாது. சாஃப்ட்வேர் அப்டேட் வந்த பிறகு மட்டும் ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். புதிய நிபந்தனைகளைக் காட்டி மறுபடியும் "அக்ரீ" கேட்கும்.

கேபிள் பாக்ஸ் பற்றிக் கவலை வேண்டாம். சாதாரண கேபிள், டிஷ் பாக்ஸ்களுக்குச் சிக்னல் உள்ளே வரும் வழி மட்டுமே உண்டு, திரும்பிப் போகும் வழி இல்லை. டி.ஆர்.பி. கணக்கும் உங்கள் பாக்ஸிலிருந்து எடுப்பதல்ல. பார்க் அமைப்பு தேர்ந்தெடுத்த சில வீடுகளில் தனி மீட்டர் வைத்து, நிகழ்ச்சியின் ஒலிக்குள் காதுக்குக் கேட்காதபடி பதித்திருக்கும் குறியைப் பிடித்துத்தான் கணக்கிடுகிறது. பாக்ஸுக்கும் வைஃபை கொடுத்திருந்தால் கதை வேறு.

ரிமோட்ல மைக் இருக்குது. சும்மா கெடக்கறப்பவும் கேட்டுட்டே இருக்குமா?
– வாசகர், சத்தியமங்கலம்

பொதுவாக ரிமோட் மைக், பட்டனை அமுக்கிப் பிடிக்கும்போது மட்டுமே வேலை செய்யும். எந்நேரமும் கேட்டுக்கொண்டிருந்தால் இரண்டு பென்சில் செல் மாதக்கணக்கில் தாங்காது. கவனிக்க வேண்டியது டிவியின் உடம்பிலேயே மைக் உள்ள மாடல்களை. தூரத்திலிருந்து கூப்பிட்டாலே பதில் சொல்லும் வகை அது. டிவியின் அடி விளிம்பில் சின்னத் தள்ளு சுவிட்ச் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். இருந்தால் ஒரு பக்கம் தள்ளி வைத்துவிடலாம்.

மச்சானும் நானும் தோப்புல நின்னு தேங்கா மட்டை உரிக்கற மெஷின் வாங்கலாமான்னு பேசினோம். பொழுதோட போனைத் தொறந்தா அதே மெஷின் விளம்பரம். போன் ஒட்டுக் கேக்குதுதானுங்களே?
– வாசகர், காங்கேயம்

எல்லோரும் இதைத்தான் கேட்கிறார்கள். எந்நேரமும் ஒலியைப் பதிந்து அனுப்பினால் பேட்டரி சூடாகும், டேட்டா கரையும், நிபுணர்கள் கண்ணிலும் படும். விளம்பரக் கம்பெனிகளுக்கு அவ்வளவு சிரமம் தேவையில்லை. அதைவிடச் சுலபமான வழிகள் இருக்கின்றன.

உங்கள் மச்சான் அன்று மத்தியானமே அந்த மெஷினை யூடியூபில் தேடியிருப்பார். அவருடைய போன் உங்கள் வீட்டு வைஃபையில் இணைந்திருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு போனுக்கும் ஒரே இணைய முகவரி. ஒருவருடைய போனில் மற்றவர் நம்பர் இருக்கிறது, இரண்டு போனும் அடிக்கடி ஒரே இடத்தில் இருக்கின்றன. "இவர் தேடினார், கூட இருப்பவருக்கும் காட்டு" என்பதற்கு இது போதும். போதாததற்கு, தென்னை வைத்திருப்பவர் என்பது நீங்கள் பார்க்கும் வீடியோக்களிலேயே தெரிந்துவிடுகிறது. விளம்பரம் முந்தைய வாரமும் வந்திருக்கும். பேசிய பிறகு வந்ததுதான் கண்ணில் உறுத்துகிறது.

சந்தேகம் தீரவில்லையென்றால் நீங்களே பார்த்துக்கொள்ளலாம். ஆண்ட்ராய்டு 12 அல்லது அதற்கு மேல் இருந்தால், மைக்கையோ கேமராவையோ எந்த ஆப் தொட்டாலும் திரையின் மேல் மூலையில் பச்சைப் புள்ளி வரும். செட்டிங்ஸ், பிரைவசி, "பிரைவசி டேஷ்போர்டு" போனால் கடந்த 24 மணி நேரத்தில் எந்த ஆப் எத்தனை மணிக்கு மைக்கைத் தொட்டது என்று வரிசையாக இருக்கும். டார்ச் லைட் ஆப்புக்கும் காலண்டர் ஆப்புக்கும் மைக் அனுமதி எதற்கு? எடுத்துவிடுங்கள். பிறகு செட்டிங்ஸ், கூகுள், ஆட்ஸ் போய் "டிலீட் அட்வர்டைசிங் ஐடி" அமுக்குங்கள். விளம்பரம் குறையாது, ஆனால் பின்தொடர்ந்து வருவது குறையும்.

தோட்டத்துச் சாளையில அப்பாவும் அம்மாவும் மட்டும் இருக்காங்க, நாங்க பெங்களூர்ல. நாலு கேமரா மாட்டியிருக்கோம். ராத்திரியானா படம் வெள்ளை வெள்ளையா தெரியுது, பத்து நிமிஷத்துக்கு ஒருக்கா அலாரம் அடிக்குது. மாட்டிக் குடுத்த ஆளும் எங்க ஊட்டைப் பாக்க முடியுமாங்க?
– வாசகர், தாராபுரம்

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்வோம். அவர் நினைத்தால் பார்க்கலாம். மாட்டியவர் கெட்டவர் என்றல்ல. வேலை முடிய வேண்டுமென்று கருவியைத் தன் ஆப் கணக்கில் சேர்த்துவிட்டு, உங்களுக்கு "ஷேர்" செய்துவிட்டுப் போவது வழக்கம். அப்படியானால் ஆப்பைப் பொறுத்தவரை கருவியின் சொந்தக்காரர் அவர், நீங்கள் விருந்தாளி. ஆப்பில் உங்கள் கருவிக்குப் பக்கத்தில் "ஷேர்டு" என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால், அவர் கணக்கிலிருந்து நீக்கச் சொல்லி, பதிவுப் பெட்டியான டி.வி.ஆரின் அடியில் ஒட்டியுள்ள க்யூ.ஆர். குறியை உங்கள் கணக்கில் ஸ்கேன் செய்து சேருங்கள். அடுத்து டி.வி.ஆரின் அட்மின் பாஸ்வேர்டு. மாட்டுகிறவர்கள் ஊர் முழுக்க ஒரே பாஸ்வேர்டைப் போடுவதுண்டு. ஒரு வீட்டில் தெரிந்தால் நூறு வீடு திறந்த மாதிரி. மாற்றும்போதே, பாஸ்வேர்டு மறந்தால் மீட்பதற்குக் கொடுத்த இமெயில் யாருடையது என்றும் பாருங்கள். அது அவருடையதாக இருந்தால் நீங்கள் மாற்றியதை அவர் மறுபடியும் மாற்றலாம். ரூட்டரில், கருவிகள் தாமாகவே வெளிக்கதவைத் திறந்துகொள்ள விடும் யு.பி.என்.பி. என்பதை ஆஃப் செய்யுங்கள். 554, 8000, 37777 போன்ற எண்களுக்கு "போர்ட் ஃபார்வர்டிங்" போட்டிருந்தால் அழித்துவிடுங்கள். உலகத்தில் யார் வேண்டுமானாலும் கதவைத் தட்டிப் பார்க்க அதுதான் வழி.

இரவு வெள்ளைக்கு வருவோம். லென்ஸைச் சுற்றியுள்ள அகச்சிவப்பு விளக்குக்கும் அதன் இளஞ்சூட்டுக்கும் பூச்சி வரும், பூச்சிக்காகச் சிலந்தி வரும், சிலந்தி கண்ணாடிக்கு முன்னாலேயே வலை கட்டும். பகலில் கண்ணுக்கே தெரியாத ஒற்றை இழை, இரவில் விளக்கை அப்படியே லென்ஸுக்குத் திருப்பி அடித்து வெள்ளைக் கயிறாகத் தெரியும். காற்றில் அது ஆடும்போதெல்லாம் "அசைவு" என்று அலாரம். வாரம் ஒருமுறை ஒட்டடைக் குச்சியில் மெல்லிய துணி கட்டித் துடைத்தாலே பாதிப் பிரச்சினை போய்விடும். பூச்சி மருந்தை நேராக அடிக்காதீர்கள், பிளாஸ்டிக் முகப்பு மங்கிப்போகும். கேமரா பார்க்கும் சட்டத்துக்குள் ஓட்டுச் சாரமோ வெள்ளைச் சுவரோ மிக அருகில் இருந்தாலும் இதே கோளாறுதான். கேமராவை அரையடி வெளியே தள்ளி மாட்ட வேண்டும். தொல்லை தீரவில்லையென்றால் கேமராவின் சொந்த விளக்கை அணைத்துவிட்டு, நான்கைந்து அடி தள்ளித் தனி விளக்குப் போடுங்கள். பூச்சி அங்கே போய்விடும். அலாரத்துக்கு, வெறும் அசைவு என்பதை மாற்றி "ஹ்யூமன் டிடெக்ஷன்" வையுங்கள். தென்னை ஆடும் பகுதியை விட்டுவிட்டு, கேட்டிலிருந்து வாசல் வரையுள்ள தடத்தை மட்டும் கோடு போட்டுக் கொடுங்கள். பத்து நிமிடத்துக்கொருமுறை அடிக்கும் அலாரத்தை நான்காம் நாள் யாரும் எடுத்துப் பார்க்க மாட்டார்கள். அது அலாரம் இல்லாததைவிட மோசம்.

பதிவு எத்தனை நாள் நிற்கும் என்பதைக் கணக்குப் போட்டு வையுங்கள். 2 மெகாபிக்சல் கேமரா, எச்.265 என்ற வீடியோ சுருக்கும் முறையில் வினாடிக்குச் சுமார் 2 மெகாபிட் எடுக்கும். நான்குக்கு 8, அதாவது வினாடிக்கு ஒரு மெகாபைட். ஒரு நாளைக்கு 86 ஜி.பி. ஒரு டி.பி. ஹார்டு டிஸ்க் என்றால் 11 நாள், பழைய எச்.264 முறையென்றால் அதில் பாதிதான். டி.வி.ஆரின் கடிகாரத்தையும் பாருங்கள். உள்ளே காசு வடிவ சி.ஆர்.2032 பேட்டரி தீர்ந்திருந்தால், ஒவ்வொரு முறை கரண்ட் போய் வரும்போதும் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். திருட்டு நடந்த மணி தப்பாக இருக்கும் பதிவை ஸ்டேஷனில் கொடுத்து என்ன பயன்?

டி.வி.ஆரை டிவிக்கு அடியில் வைக்காதீர்கள், வந்தவன் கையோடு தூக்கிப்போவான். அட்டாலியிலோ பூட்டிய அலமாரியிலோ, காற்றுப் போக இடம் விட்டு வையுங்கள். டி.வி.ஆர்., நான்கு கேமரா, ரூட்டர் எல்லாம் சேர்ந்து 40 வாட்டைச் சுற்றித்தான். வேறு எதுவும் ஓடாவிட்டால் 150 ஏ.எச். இன்வெர்ட்டர் பேட்டரி ஒரு நாளைத் தாங்கும். கேட் நூறு மீட்டருக்கு அப்பால் இருந்தால் கேட்-6 என்ற நெட்வொர்க் ஒயரில் சிக்னல் அங்கே போகாது. நடுவில், அதே ஒயரில் கரண்டையும் சேர்த்து அனுப்பும் பி.ஓ.இ. எக்ஸ்டெண்டர் வேண்டும், இல்லையென்றால் ஃபைபர்.

ஒன்று மட்டும்: வீட்டுக்குள் வைப்பதென்றால் பெற்றோரைக் கேட்டு வையுங்கள். அப்பா வேட்டி மாற்றும் ஆசாரத்தை மகன் பெங்களூரிலிருந்து பார்ப்பதில் பாதுகாப்பு எதுவும் கூடிவிடாது. வாசல், கட்டுத்தரை, பின்கதவு, கேட் போதும். குளிக்கிற பொடக்காளிப் பக்கம் கேமரா திரும்பவே கூடாது. பக்கத்துத் தோட்டத்துக்காரரின் குளிக்கும் இடம் சட்டத்துக்குள் வந்தால், "பிரைவசி மாஸ்க்" என்ற வசதியில் அந்த மூலையைக் கறுப்பாக்கிவிடலாம். பெண்கள் குளிப்பதை வேண்டுமென்றே பதிந்தால் பாரதிய நியாய சன்ஹிதா (பி.என்.எஸ்.) 77ஆம் பிரிவில் குற்றம்.

நூறு வருசத்துத் தொட்டிக்கட்டு வீடு. முன்னறையில ஃபைபர் ரூட்டர். ஆசாரத்தைத் தாண்டுனா வைஃபை செத்துருது. ரிப்பீட்டர் வாங்குனோம், அதுவும் இழுக்குது.
– வாசகர், கோபிச்செட்டிபாளையம்

ஒன்றரை, இரண்டடி மண்சுவரை 5 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் தாண்டாது, 2.4 கொஞ்சம் கசியும். ரிப்பீட்டர் வாங்கியதையே அதே காற்றில் திருப்பி அனுப்புவதால் வேகம் பாதியாகிறது. கேட்காத இடத்தில் வைத்தால் கேட்காததைத்தான் திருப்பிச் சொல்லும்.

உங்கள் வீட்டிலேயே ஒரு வரம் இருக்கிறது: நடுத்தொட்டி. சுவர் இல்லாத அந்த வெளியைச் சிக்னல் தாராளமாகத் தாண்டும். ரூட்டரை முன்னறையிலிருந்து எடுத்து, தொட்டியைப் பார்த்த தூணிலோ சுவரிலோ ஆறேழு அடி உயரத்தில், சாரல் படாதபடி மாட்டுங்கள். சுற்றுக்கட்டு அறைகளுக்குக் கதவு வழியே நேர்ப் பார்வை கிடைக்கும். ஃபைபர் ஒயரை நீட்டும்போது கூர்மையாக மடிக்கக் கூடாது. வளைவு உள்ளங்கை அகலத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். மாற்றிய பிறகு ரூட்டரின் செட்டிங் பக்கத்தில் "ஆப்டிகல் பவர்" பாருங்கள். மைனஸ் 15லிருந்து 24க்குள் இருந்தால் நிம்மதி, மைனஸ் 27ஐத் தாண்டினால் அடிக்கடி சிவப்பு விளக்கு எரியும்.

பின்கட்டுக்கு அதுவும் போதவில்லையென்றால் ஒரு கேட்-6 ஒயர் இழுத்து, அட்டாலியில் கிடக்கும் பழைய ரூட்டரை மாட்டலாம். ஒயரை அதன் "லேன்" (LAN) துளையில் செருகுங்கள், "வான்" (WAN) துளையில் அல்ல. கருவிகளுக்கு முகவரி கொடுக்கும் டி.எச்.சி.பி.யை அதில் நிறுத்துங்கள். அதன் முகவரியை 192.168.1.2 என்பது போல, முதல் ரூட்டரோடு மோதாதபடி மாற்றுங்கள். பெயரும் பாஸ்வேர்டும் இரண்டிலும் ஒன்றே. சேனல் மட்டும் ஒன்றுக்கு 1, மற்றதற்கு 11. ஒயர் வாங்கும்போது ஒரு கம்பியைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக மின்னினால் செம்பு பூசிய அலுமினியம், திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஓட்டுக்கடியில் போகும் ஒயரை எலி கடிக்கும், பி.வி.சி. பைப்பில் விட்டு இழுங்கள். தனியாக நிற்கும் கட்டடத்துக்குச் செம்பு ஒயர் வேண்டாம். இடி இறங்கும்போது இரண்டு பக்கக் கருவிகளையும் அது சேர்த்துக் கொண்டுபோகும். அங்கே ஃபைபர்தான் சரி.

ஆடி பொறந்தா எங்க ஃப்ரீ டிஷ் படம் கட்டங்கட்டமா ஒடையுது. மழையே இல்லீங்க. தென்னமரம் மறைக்குதுன்னு ஒருத்தர் சொல்றாரு.
– வாசகர், உடுமலைப்பேட்டை

மழை இல்லை, காற்று இருக்கிறதே. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று காற்றாலைகளைச் சுற்றுவதோடு உங்கள் டிஷ்ஷையும் சேர்த்தே தள்ளுகிறது. 60 சென்டிமீட்டர் டிஷ் ஒன்றரை டிகிரி விலகினாலே சிக்னல் பாதியாகிவிடும். பாக்ஸின் சிக்னல் பக்கத்தில் "ஸ்ட்ரென்த்" நன்றாக இருந்து "குவாலிட்டி" மட்டும் காற்றோடு ஏறி இறங்கினால் டிஷ் ஆடுகிறது என்று அர்த்தம். டிஷ்ஷைத் திருப்புவதற்கு முன் குழாயில் ரசமட்டம் வைத்துப் பாருங்கள். குழாய் செங்குத்தாக இல்லாமல் டிஷ்ஷைச் சரிசெய்வது வீண் வேலை. தரையில் பதித்த போல்ட்டுகளையும் குழாயைப் பிடிக்கும் யு-கிளாம்பையும் முறுக்குங்கள். ஒரு கம்பியில் சாய்மானத் தாங்கல் கொடுத்தால் இன்னும் நல்லது.

தென்னையின் மேல் பழி போடும் முன் ஒரு கணக்கு. டிடி ஃப்ரீ டிஷ் வரும் ஜிசாட்-15, கிழக்கு 93.5 டிகிரியில் நிற்கிறது. நம் பக்கத்திலிருந்து பார்த்தால் அது கிழக்குக்கும் தென்கிழக்குக்கும் இடையில், ஏறக்குறைய 67 டிகிரி உயரத்தில், உச்சிக்குப் பக்கமாக. அப்படியானால் டிஷ்ஷைவிட 10 மீட்டர் உயரமான மரம், அந்தத் திசையில் 4 மீட்டருக்குள் இருந்தால்தான் குறுக்கே வரும்; மட்டை நீளத்தைச் சேர்த்தாலும் 9 மீட்டர். அதற்கு அப்பால் நிற்கும் மரத்தை வெட்ட வேண்டாம். டிஷ்ஷுக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் எல்.என்.பி.யில் செருகும் முனையைக் கழற்றிப் பாருங்கள். நடுக்கம்பி கறுத்திருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது. ஓர் அங்குலம் வெட்டிவிட்டு முனையை மாற்றி, ஒயர் கீழே ஒரு தொங்கல் தொங்கி மேலே ஏறும்படி கட்டுங்கள்.

மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும் சில நாள், பகல் 11 மணியையொட்டிச் சில நிமிடம் படம் போனால் தொட வேண்டாம். சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வரும் நேரம் அது.

தறிக்குடோனுக்குப் பக்கத்துல லைன் வீடு. போன மாசம் திடீர்னு லைட்டெல்லாம் பளிச்சுன்னு எரிஞ்சு, டிவி, ரூட்டர் ரெண்டும் போச்சு. ஸ்பைக் கார்டு போட்டிருந்தோமே?
– வாசகி, சோமனூர்

நியூட்ரல் கழன்றிருக்கிறது. மூன்று பேஸ் வரும் இடத்தில் பொது நியூட்ரல் அறுந்தால், இரண்டு பேஸில் உள்ள வீடுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தது போல ஆகி, இடையில் 400 வோல்ட்டுக்கு மேல் பாயும். லோடு குறைவாக இருக்கும் வீட்டில் வோல்டேஜ் ஏறும், கிரைண்டர் ஓடும் வீட்டில் இறங்கும். ஸ்பைக் கார்டு கண் இமைக்கும் நேரத்து அதிர்ச்சிக்கானது. நிமிடக்கணக்கில் 350 வோல்ட் நின்றால் அதுவே கருகும்.

வேண்டியது மெயின் போர்டில் "ஓவர்-அண்டர் வோல்டேஜ் புரொடெக்டர்". 270க்கு மேலும் 170க்குக் கீழும் துண்டிக்கும்படி, திரும்ப இணைக்க 30 வினாடிக்குக் குறையாமல் வைக்கச் சொல்லுங்கள். டிவிக்குத் தனி ஸ்டெபிலைசர் தேவையில்லை. பின்பக்கம் 100–240 வோல்ட் என்று போட்டிருந்தால் லோ வோல்டேஜ் அதை ஒன்றும் செய்யாது. ஒரு லைட் பளிச்சென்றும் இன்னொன்று மங்கலாகவும் தெரிந்தால் யோசிக்காமல் மெயினை இறக்கிவிட்டு, மின்னகம் 94987 94987க்குச் சொல்லுங்கள். பக்கத்து வீடுகளுக்கும் குரல் கொடுங்கள்.

ஆயிரத்து ஐநூறு ரூபாய்க்கு ஒரு ஆண்ட்ராய்டு பாக்ஸ். எல்லாச் சேனலும் ஓடிடியும் இலவசம்ங்கறாங்க. வாங்கலாமா?
– வாசகர், ஈரோடு

வேண்டாம். பேர் ஊர் தெரியாத இத்தகைய பாக்ஸ்களில், தொழிற்சாலையிலிருந்து வரும்போதே உள்ளே நிரல் புகுத்தப்பட்டிருப்பது பலமுறை பிடிபட்டிருக்கிறது. "பேட்பாக்ஸ்" என்று அதற்குப் பெயர். 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. பொதுமக்களுக்கு எச்சரிக்கையே விட்டது. உங்கள் வீட்டு இணைய முகவரியை வாடகைக்கு விடுகிறார்கள். யாரோ எங்கிருந்தோ செய்யும் மோசடி, உங்கள் கனெக்‌ஷனிலிருந்து செய்ததாகப் பதிவாகும். "பிளே புரொடெக்ட்டை ஆஃப் செய்" என்று எந்தப் பாக்ஸாவது கேட்டால் ஒயரைப் பிடுங்கிவிடுங்கள். ரீசெட் செய்தும் பயனில்லை. நிரல் அடித்தளத்திலேயே இருக்கிறது. ஏற்கெனவே அதில் உங்கள் ஜிமெயில் போட்டிருந்தால், போனிலிருந்து அந்தக் கருவியை வெளியேற்றிப் பாஸ்வேர்டை மாற்றுங்கள்.

ஒரம்பரை ஒருத்தர் நம்பர்ல இருந்து வாட்சப்புல கல்யாணப் பத்திரிகை வந்துச்சு. தொட்டேன், ஒண்ணும் தொறக்கலை. இப்ப என்ற போன்ல இருந்து எல்லாத்துக்கும் அதே பத்திரிகை போகுது.
– வாசகர், பெருந்துறை

பத்திரிகை படமாக வரும், பி.டி.எஃப். ஆக வரும், வீடியோவாக வரும். ஃபைல் பெயரின் கடைசியில் "ஏ.பி.கே." என்று முடிந்தால் அது ஆப், எஸ்.எம்.எஸ். படித்து ஓ.டி.பி.யைத் திருடும் வகை. "இன்றிரவு கரண்ட் கட்" என்று மிரட்டி அனுப்புவதும் இதே வகைதான்.

உடனே போனை ஏரோப்பிளேன் மோடில் போட்டு, வைஃபையும் அணைந்ததா பாருங்கள். வேறு போனிலிருந்து பேங்குக்குச் சொல்லிக் கணக்கையும் யு.பி.ஐ.யையும் நிறுத்துங்கள். பணம் போயிருந்தால் சைபர் மோசடிப் புகார் எண் 1930, தாமதிக்காமல். பணம் அடுத்தடுத்த கணக்குக்கு மாறுவதற்குள் தடுக்க முடியும். பிறகு ஆப்பைத் தேடுங்கள். முகப்பில் ஐகான் இருக்காது. செட்டிங்ஸ், ஆப்ஸ் முழுப் பட்டியலில் இருக்கும். நீக்க விடவில்லையென்றால் "டிவைஸ் அட்மின்", "ஆக்சசிபிலிட்டி" இரண்டிலும் அதன் அனுமதியை எடுத்துவிட்டு நீக்குங்கள். பேங்க் வேலை இருக்கும் போன் என்றால் முழுதாக ரீசெட் செய்வதே நல்லது. கடைசியில் ##002# என்று டயல் செய்து, உங்கள் அழைப்புகளை வேறெங்கும் திருப்பி வைத்திருந்தால் ரத்து செய்யுங்கள். வாட்சப்பில் "லிங்க்டு டிவைசஸ்" பார்த்துத் தெரியாததை வெளியேற்றுங்கள். ஒரம்பரைக்கெல்லாம் மெசேஜில் அல்ல, போன் போட்டுச் சொல்லுங்கள். அந்த வாட்சப்பிலிருந்து போகும் மெசேஜை இனி யாரும் நம்பக் கூடாது.

டிவியில பேரன் கார்ட்டூன் பாத்தா, அப்பாரு போன் யூடியூப்ல எல்லாம் கார்ட்டூனா வருது. அவரு பாக்கறது எங்களுக்கு டிவியில வருது!
– வாசகி, அவிநாசி

டிவியில் அப்பாருவின் ஜிமெயில் இருக்கிறது. யூடியூப் ஆப்பில் கணக்கு மாற்றும் இடத்துக்குப் போய், பேரனுக்குத் தனியாகக் கிட்ஸ் கணக்கு வையுங்கள், இல்லையேல் கணக்கே இல்லாமல் "கெஸ்ட்" ஆக ஓட்டுங்கள். பழைய கார்ட்டூன்களை அவர் போனில் "ஹிஸ்டரி"யிலிருந்து நீக்கினால் ஓரிரு நாளில் சரியாகும். அப்பாரு என்ன பார்த்தார் என்று டிவியில் தெரிந்ததை அவரிடம் சொல்லாமல் விட்டுவிடலாம்.

பழைய ஸ்மார்ட் டிவியை எக்ஸ்சேஞ்சுல குடுக்கறோம். ஏதாச்சும் அழிக்கோணுமா?
– வாசகர், கரூர்

ஓடிடி ஆப் ஒவ்வொன்றிலும் சைன் அவுட், பிறகு ஃபேக்டரி ரீசெட். முதல் முறை மொழி கேட்கும் திரை வந்தால் முடிந்தது. திரை உடைந்து எதுவும் தெரியவில்லையென்றால், போனில் கூகுள் கணக்கின் "யுவர் டிவைசஸ்" பகுதியிலும், ஓடிடி கணக்குகளின் கருவிப் பட்டியலிலும் போய் அந்த டிவியை வெளியேற்றுங்கள். பின்பக்கம் செருகிய பென் டிரைவை உருவ மறக்க வேண்டாம். கல்யாண வீடியோ பெரும்பாலும் அதில்தான் இருக்கும்.